பச்சையப்பன் மேடு ஏறாத நாள்

கவுதாரிமேட்டை மலை என்று சொன்னால் செஞ்சிக்காரர்கள் சிரிப்பார்கள். அந்த ஊர்ப் பாறைகளோடு வைத்துப் பார்த்தால் இது புல் முளைத்த செம்மண் குவியல், அவ்வளவுதான். ஆனால் வில்லியனூரைத் தாண்டி மேற்கே, நெல்லும் கரும்புமாகத் தட்டையாகக் கிடக்கிற பூமியில் நாலு தென்னை உயரத்துக்கு ஒரு மேடு எழுந்து நின்றால் அதற்கும் ஒரு மரியாதை உண்டுதானே. அடிவாரத்து ஊர்க்காரர்கள் அதை மலை என்றுதான் சொல்வார்கள். கால்மணி நேரத்தில் ஏறிவிடக்கூடிய இடத்துக்கு, "மலைக்குப் போய்ட்டு வரேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த மேட்டில் பச்சையப்பன் வருஷத்துக்கு ஒரு நாள், பங்குனிக் கடைசியில், ஊருக்காக ஏறுவார். முப்பது வருஷம் ஏறினார். முப்பத்தோராவது வருஷம் ஏறவில்லை. ஏறாமலே ஏறினேன் என்று சொன்னார். அந்த ஒரு பொய்க்கு அவருடைய அக்கா கனகாம்பாள் செத்தாள். அக்காவின் மருமகள் வெண்ணிலா, செய்யாத தப்புக்குப் பழி சுமந்து ஒரு வருஷமாகப் பாகூர்ப் பக்கம் தாய்வீட்டில் கிடக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்து, புருஷன் உறவை அறுத்து அவளைத் தீர்த்துவிடப் போகிறார்கள். உண்மை பச்சையப்பன் ஒருத்தர் வாயில் இருந்தது. அந்த வாய்தான் ஒரு வருஷமாகத் திறக்கவில்லை.

இன்றைக்கு மறுபடியும் பங்குனிக் கடைசி. மறுபடியும் அவர்தான் ஏற வேண்டும் என்று ஊர் சொல்லிவிட்டது.

என்ன வேலை அது என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தை மாசத்தோடு மேட்டுப் புல் காய ஆரம்பிக்கும். பங்குனியில் இடுப்பு உயரத்துக்கு வெறும் மஞ்சள் சருகாக நிற்கும். மாடு வாய் வைக்காது. உண்ணி மட்டும் மண்டிக் கிடக்கும். அதற்கு நெருப்பு வைத்துவிட்டால், சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்ததும் கருகின தூரிலிருந்து பச்சை கிளம்பிவிடும். மாடு வைத்திருக்கிற நாற்பது குடும்பத்துக்கு அதுதான் புரட்டாசி வரைக்கும் தீனி. ஆனால் நெருப்பு வைப்பதற்கு முன்னால் ஓர் ஆள் முன்பக்கத்து வழியாக ஏறி, உச்சியைக் கடந்து, பின்பக்கத்துப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். இறங்கி வந்து, "மேல யாருமில்ல" என்று சொன்ன பிறகுதான் தீக்குச்சி உரசுவார்கள். இதற்கு மேடு பார்க்கிறது என்று பெயர். அடிவாரத்தில் நின்று கத்தினால் போதாதா என்றால், போதாது. அந்தப் பள்ளத்தில் இறங்கிவிட்டால் இந்தப் பக்கம் வெடி வெடித்தாலும் காதில் விழாது.

இந்த வேலை பச்சையப்பனுக்கு வந்தது அவருடைய இருபத்தைந்தாவது வயதில். அந்த வருஷம் ஏறியவர், ஈச்சம் புதருக்குள் போதையில் தூங்கிக்கொண்டிருந்த ஊர்ப் பையன் பாக்யராஜைக் கண்டுபிடித்து முதுகில் சுமந்து இறக்கினார். அதிலிருந்து ஊருக்கு அவர் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. வரப்புத் தகராறு என்றால் "பச்சையப்பன் இன்னா சொல்றாரு?" என்பார்கள். அவருக்கு இருந்தது இரண்டு ஏக்கர், ஒன்றில் கரும்பு, ஒன்றில் நெல். படிப்பு ஆறாவது. பெரிய மனுஷன் என்று சொல்லிக்கொள்ள வேறு எதுவும் கிடையாது. பொய் சொல்லாதவர் என்கிற பேர் மட்டும் இருந்தது, அதை அவர் ரொம்பப் பிரியமாக வைத்திருந்தார். அங்கேதான் வினையே.

காலை ஏழு மணிக்கு மேட்டு அடிவாரத்துக்கு வந்தபோது, கனகாம்பாளின் மகன் கலைவேந்தன் பைக்கை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தான். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வயது முப்பத்திரண்டு. ஒரு வருஷத்தில் பத்து வயது கூடின மாதிரி இருந்தான்.

"நானும் வரேன் மாமா."

"நீ எதுக்குடா? நான் ஒருத்தன் போதும்."

"அந்தப் பள்ளத்த ஒரு வாட்டி பாக்கணும். அன்னைக்குத் தூக்கியாந்ததோட சரி. அதுக்கப்புறம் போகவே இல்ல."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. பச்சையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஏற்றம் முதலில் ஏற்றம் மாதிரியே தெரியாது. கருங்கல் ஜல்லி போல உருண்டை உருண்டையான செம்மண் கட்டிகள் காலுக்கடியில் நழுவும். இரண்டு பக்கமும் ஆவாரை பூத்திருந்தது. அதைத் தாண்டினால் சூரை முள், அதற்கும் மேலே வெறும் புல். ஊசிப்புல் வேட்டியில் தைத்துத் தைத்து ஏறியது. பச்சையப்பனுக்கு இடது முட்டி முதல் திருப்பத்திலேயே பேச ஆரம்பித்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கரும்புக் கட்டோடு வாய்க்காலில் வழுக்கி விழுந்த முட்டி அது.

"ஒக்காந்துட்டுப் போலாமா?" என்றான் கலைவேந்தன்.

"வேணா."

உட்கார்ந்தால் பேச வேண்டி வரும். நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று சும்மா இருக்கலாம். போன வருஷம் முழுக்க அவர் இப்படித்தான் எதையாவது சாக்காகப் பிடித்துக்கொண்டு பிழைத்தார். கருமாதி அன்றைக்கு வெயில். தீபாவளிக்குத் தலைநோவு. பொங்கலுக்கு மாட்டுக்கு உடம்பு சரியில்லை. சாக்குக்கு என்ன பஞ்சம்.

போன வருஷம் நடந்தது இதுதான். பால் சொசைட்டி செகரட்டரி அருள்முருகன், மாடு வைத்திருக்கிறவர்களின் வாட்ஸப் குரூப்பில் முதல் நாள் சாயங்காலம் மெசேஜ் போட்டார். நாளைக் காலை எட்டு மணிக்கு மேட்டுக்கு நெருப்பு, யாரும் ஏற வேண்டாம் என்று. கனகாம்பாளிடம் பட்டன் போன்தான். மருமகள் வெண்ணிலாதான் குரூப்பில் இருந்தாள். வெண்ணிலா மெசேஜைப் பார்த்தாள், மாமியாரிடம் சொன்னாள். கனகாம்பாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பச்சையப்பன் வீட்டு வேலியோரம் வந்து நின்றாள்.

"டேய் பச்ச, நாளைக்கு நெருப்பாமே. வெண்ணிலா சொல்லிச்சி. பள்ளத்துல அடித்தூரு இன்னும் கொஞ்சம் பச்சையாதான் கீது. எல்லாம் எரிஞ்சிபோறதுக்குள்ள நான் ஒரு கட்டு அறுத்துக்கறேன். நீதான மேல வருவ, வரப்ப ஒரு கொரலு குடு. ஒன்னோட எறங்கிடறேன்."

"சரிக்கா" என்றார் பச்சையப்பன்.

யாரும் ஏற வேண்டாம் என்று மெசேஜ் இருக்கும்போது இப்படி ஒரு பேச்சு பேசலாமா என்று கேட்டால், அந்த ஊரில் எல்லோரும் பேசுவார்கள். மேடு பார்க்க ஆள் வரும் என்பது அவர்களுக்குச் சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி. அவள் தம்பிதான் அந்த ஆள் என்றால் கேட்கவே வேண்டாம்.

மறுநாள் விடியும்போது முட்டி பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. மனைவி அஞ்சலாட்சி எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். "வேற யாரையாச்சும் அனுப்பு" என்றாள். நல்ல யோசனை. ஒரு போன் போட்டிருந்தால் பாக்யராஜே ஓடி வந்து ஏறியிருப்பான். ஆனால் பச்சையப்பனால முடியல என்று ஊர் பேசுமே. முப்பது வருஷத்துப் பேர் அல்லவா. அவர் கம்பை ஊன்றிக்கொண்டு ஏழு மணிக்கு அடிவாரத்துக்குப் போனார். நாலு எட்டு வைத்தார். முட்டி மடங்க மறுத்தது. கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தபோது ஏரிக்கரை மேல் ஒரு பெண் தலையில் புல்லுக்கட்டோடு ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. பச்சைப் புடவை தெரிந்தது. அக்காதான் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ள வசதியாக இருந்தது, எடுத்துக்கொண்டார். இரண்டு தடவை "யக்கா" என்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். பதில் இல்லை. ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சரியாக அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். கூடி நின்றவர்களிடம், "மேல யாருமில்ல" என்றார்.

மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கனகாம்பாள் வீட்டுக்கு வரவில்லை என்று பத்து மணிக்குத்தான் தெரிந்தது. பள்ளத்தில் கிடந்தவளைக் கலைவேந்தன்தான் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான். பாதிக்கு மேல் புகைதான் கொன்றிருக்கிறது என்றார்கள். போலீஸ்காரர்கள் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

"பள்ளத்த நல்லாப் பாத்தீங்களா?" என்று அருள்முருகன் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

பச்சையப்பன் அப்போதே சொல்லியிருக்கலாம். அக்கா உடம்பு துணி மூடிக் கிடந்தது. "எட்டிப் பாத்தேன். யாருமில்ல" என்றார்.

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அப்படியானால் அவர் இறங்கின பிறகு பின்பக்கத்து வழியாக அவள் ஏறியிருக்க வேண்டும். நெருப்பு வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்திருந்தால் எவளாவது எட்டு மணிக்கு ஏறுவாளா? தெரியவில்லை, அதனால்தான் ஏறினாள். ஏன் தெரியவில்லை? மருமகள் சொல்லவில்லை. மெசேஜைப் பார்த்திருக்கிறாள், நீல டிக் விழுந்திருக்கிறது, ஆனால் சொல்லவில்லை. ஊர் இப்படிப் படிப்படியாக ஏறி வெண்ணிலா தலையில் போய் நின்றது. "நான் சொன்னேன், சாமி சத்தியமா சொன்னேன்" என்று அவள் அழுதாள். யார் கேட்டார்கள். மாமியாருக்கும் அவளுக்கும் முந்தின மாதம் ஏதோ வாய்ச்சண்டை வந்திருந்தது. அது போதாதா நாலு பேருக்கு. கருமாதி முடிந்த வாரத்தில் நாலு வயசுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு போனவள்தான், திரும்பவில்லை. கலைவேந்தனும் கூப்பிடப் போகவில்லை.

பாதி மேடு ஏறியிருந்தார்கள். கவுதாரி ஒன்று காலடியிலிருந்து படபடவென்று எழுந்து போய்ப் பத்தடி தள்ளி விழுந்தது. கிழக்கே ஊசுட்டேரித் தண்ணீர் வெயிலில் மினுங்கியது. கீழே வயல்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. மோட்டார் கொட்டகையும் தெரிந்தது. பச்சையப்பன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"வெள்ளிக்கிழம நீ வந்துடு மாமா" என்றான் கலைவேந்தன் பின்னாலிருந்து. "எங்க பக்கம் பெரியவங்கன்னு சொல்ல நீதான் கீற. பேச வேண்டியத நீயே பேசிடு."

"நான் இன்னாடா பேசறது."

"இன்னா பேசறதா? அம்மாகிட்ட அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னைக்கு அம்மா உசுரோட இருக்கும். அதச் சொல்லு. என்னால அவ மூஞ்சப் பாத்துச் சொல்ல முடியல."

தன் வாயாலேயே அவளைத் தீர்த்துவிட வேண்டுமாம். இதைவிட அக்கா எழுந்து வந்து நாலு அறை விட்டிருக்கலாம்.

உச்சிக்கு இன்னும் முப்பதடி இருக்கும்போது ஆள்காட்டிக் குருவி எழுந்தது. நெட்டைக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர்கள் தலைக்கு மேலே வட்டம் போட்டுக் கத்தித் தீர்த்தது. புல்லுக்குள் எங்கேயோ முட்டை வைத்திருக்க வேண்டும். மேட்டில் மனுஷ வாடை பட்டால் விடாது அது. மாட்டை ஒன்றும் சொல்லாது.

"இன்னா மாமா இது, இந்தக் கத்து கத்துது" என்றான் கலைவேந்தன், அண்ணாந்து பார்த்துக்கொண்டே.

பச்சையப்பன் நின்றுவிட்டார். அப்படியே புல்லில் உட்கார்ந்தார்.

"முட்டியா?"

"அன்னைக்கும் கத்துச்சிடா."

"என்னைக்கு?"

"ஒங்கம்மா செத்த அன்னைக்கு. நான் மேல வரல, கலை. கீழ மோட்டாரு கொட்டாயில ஒக்காந்திருந்தேன். இது மேல கத்தினது அங்க எனக்குக் கேட்டுச்சி. மேல யாரோ கீறாங்கன்னு தெரிஞ்சிது. நாயா இருக்கும்னு நெனச்சிகிட்டேன்."

கலைவேந்தன் அவர் முகத்தையே பார்த்தான். குருவி கத்திக்கொண்டே இருந்தது.

"பள்ளத்த எட்டிப் பாத்தேன்னு சொன்னியே."

"பொய்யி."

"மாமா."

"இன்னும் கீது, கேளு. வெண்ணிலா சொல்லலன்னு பேசறீங்க இல்ல, அது சொல்லிச்சி. மொத நாளே சொல்லிடிச்சி. ஒங்கம்மா வேலிகிட்ட வந்து நின்னு, வெண்ணிலா சொல்லிச்சிடான்னு என்கிட்டயே சொன்னா. நீ வரப்ப கொரலு குடு, ஒன்னோட எறங்கிடறேன்னு சொல்லிட்டுப் போனா. நான் வருவேன்னுதான் அவ அங்க அறுத்துகினு இருந்தா. பொக வந்தப்பகூட நான் வருவேன்னு பாத்திருப்பா."

சொல்லி முடித்ததும் பச்சையப்பன் அழுவார் என்று நினைத்தால், அழவில்லை. ஒரு வருஷமாக அழுது பார்த்திருக்கிறார், கொல்லைப்புறத்தில், அஞ்சலாட்சிக்குத் தெரியாமல். அஞ்சலாட்சிக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். அன்றைக்கு அந்த முட்டியோடு மேடு ஏற முடியாது என்பது எண்ணெய் தேய்த்த அவளுக்குத் தெரியாதா. அவளும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அப்படியே குடித்தனம் நடந்தது.

அடிப்பான் என்று எதிர்பார்த்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டார். கலைவேந்தன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். இரண்டு தடவை தப்பாக அழுத்திவிட்டு மூன்றாவது தடவை சரியாக அழுத்தினான். அவ்வளவு உயரத்தில் சிக்னல் நன்றாகவே கிடைக்கும். ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"நீயே சொல்லு" என்றான்.

ரொம்ப நேரம் மணி அடித்தது. கட்டாகப் போகிற நேரத்தில் எடுத்தாள்.

"இன்னா?" என்றாள் வெண்ணிலா. பின்னால் குழந்தை ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

"நான் பச்சையப்பன் பேசறேம்மா."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பாட்டு நின்றுபோயிற்று. முறைக்கு அவர் அவளுக்குச் சித்தப்பா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எதிரே வந்தால் முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டு ஒதுங்கி நிற்பாள். பச்சையப்பன் எல்லாவற்றையும் சொன்னார். கலைவேந்தனிடம் சொன்னதைவிடத் தெளிவாகவே சொல்ல முடிந்தது. வேலியோரத்துப் பேச்சு, முட்டி, மோட்டார் கொட்டகை, ஏரிக்கரையில் போன பெண், பொய். லைன் இருக்கிறதா என்று கலைவேந்தன் ஒரு தடவை போனைத் திருப்பிப் பார்த்தான்.

"வெள்ளிக்கிழம எல்லார் முன்னாலயும் இதச் சொல்லிடறேம்மா. ஒம் மேல ஒரு தப்பும் இல்ல. நீ வந்துடு. வூட்டுக்கு வந்துடு."

"சித்தப்பா" என்றாள் வெண்ணிலா. அழவில்லை. குரல் சாதாரணமாக இருந்தது, அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "நீங்க இன்னைக்குச் சொல்றது எனக்கு ஒரு வருசமாத் தெரியும். அத்த உங்க வேலிகிட்ட நின்னு பேசினத வாசல்லேர்ந்து நான் பாத்தேன். உள்ள வந்து, தம்பிகிட்ட சொல்லிட்டேன், அவன் வந்து கூட்டிகினு வந்துடுவான்னு என்கிட்ட சொன்னாங்க."

பச்சையப்பன் நிமிர்ந்து கலைவேந்தனைப் பார்த்தார். அவன் வேறு பக்கம் திரும்பியிருந்தான்.

"அப்ப நீ ஏம்மா அத அப்பவே சொல்லல?"

"சொன்னேன். கருமாதி அன்னைக்கே உங்க மருமவன்கிட்ட சொன்னேன். ஒரே ஒரு வாட்டி சித்தப்பாவக் கேளுங்கன்னு கால்ல விழுந்தேன். அவரு இன்னா பண்ணாருன்னு அவரயே கேளுங்க. வெள்ளிக்கிழம நாங்க வரோம். நீங்க சொல்ல வேண்டியத எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. சொல்லிட்டு என்னத் தீத்து வுட்டுடுங்க. இனிமே அந்த வூட்ல எனக்கு ஒன்னும் இல்ல."

போனை வைத்துவிட்டாள்.

கீழே அடிவாரத்தில் ஆட்கள் கூட ஆரம்பித்திருந்தார்கள். அருள்முருகனின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. யாரோ கையை ஆட்டி என்ன ஆச்சு என்று கேட்டார்கள். பச்சையப்பன் பதிலுக்குக் கையைத் தூக்கவில்லை.

"இன்னாடா பண்ண?" என்றார்.

கலைவேந்தன் போனைச் சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தான். அது உள்ளே போகவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டான்.

"அடிச்சேன் மாமா" என்றான். "ஒன் பேர இழுக்கறாளேன்னு அடிச்சேன். எங்க மாமா பொய் சொல்ற ஆளான்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். கொழந்த பாத்துகினே இருந்துச்சி."